சனிக்கிழமை ராத்திரி சாம்பியன்கள்

1930களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்து யூத இளைஞர்களுக்குச் சனிக்கிழமை இரவு என்றால் ஒரே இடம்தான். பிராட் தெருவில் இருந்த பிராட்வுட் ஹோட்டல். அதன் நடன மண்டபத்தில் இரண்டு பக்கமும் கூடைகளைப் பொருத்தி, சுற்றிலும் நாற்காலி போட்டுவிட்டால் கூடைப்பந்து மைதானம் தயார். ஆண்களுக்கு டிக்கெட் 65 சென்ட், பெண்களுக்கு 35. நடனத்துக்காக மெழுகு பூசி வழவழவென்றிருந்த தரையில் பத்துப் பேர் வழுக்கி விழாமல் ஓடுவதே பெரிய சாமர்த்தியம். ஆட்டம் முடிந்ததும் நாற்காலிகள் ஓரம் கட்டப்படும். சற்று முன்புவரை வியர்வை சொட்ட ஆடிக்கொண்டிருந்த கில் ஃபிட்ச் என்ற ஆட்டக்காரர் அவசரமாகக் குளித்து, கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு மேடையேறுவார். இசைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழுவில் பாடிய கிட்டி காலன் என்ற இளம்பெண் 1954-ல் நாடு முழுவதும் முதலிடம் பிடித்த பாட்டைப் பாடிப் புகழ் பெற்றார் என்பது பிற்பாட்டுக் கதை.

வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்தி வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அது முடிந்த பிறகு தொடங்கும் இந்த ஆட்டமும் நடனமும் அந்தச் சமூகத்துக்குக் கிட்டத்தட்டக் கோயில் திருவிழா மாதிரி. பெண் பார்க்கும் படலமும் அங்கேயே நடந்தது. மகளை வேறு எங்கும் தனியாக அனுப்பாத அம்மாக்கள்கூட பிராட்வுட்டுக்கு என்றால் சரி என்றார்கள். அங்கே கண்ணும் கண்ணும் சந்தித்துக் கல்யாணத்தில் முடிந்த ஜோடிகள் ஏராளம்.

அந்த மண்டபத்துக்குச் சொந்தம் கொண்டாடிய அணியின் பெயர் ஸ்ஃபாஸ். சௌத் பிலடெல்ஃபியா ஹீப்ரூ அசோசியேஷன் என்பதன் சுருக்கம். அமெரிக்கக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசினால் இன்று நினைவுக்கு வருவது மைக்கேல் ஜோர்டானும் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்களும்தான். அந்த மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியவர்களில் முக்கியமானவர்கள், பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ராத்திரி பந்து எறிந்த இந்த ஆசாமிகள் என்பது அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது.

கதை 1917-ல் தொடங்குகிறது. கீவ் நகரத்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர் எடி காட்லீப். தெற்கு பிலடெல்ஃபியாவின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்தார். ரஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் அங்கே வரிசை வீடுகளில் அடைந்து கிடந்தன. பேஸ்பாலுக்குப் பெரிய புல்வெளி வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் தலைக்கவசம், தோள் கவசம் என்று ஆயிரம் செலவு. கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். மாசசூசெட்ஸில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில் பீச் பழக் கூடையைச் சுவரில் மாட்டிக் கண்டுபிடித்த ஆட்டம், இடமும் பணமும் இல்லாத நகரத்துப் பிள்ளைகளுக்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது.

காட்லீப், ஹாரி பாஸன், ஹியூகி பிளாக் மூவரும் பள்ளி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். படிப்பு முடிந்த பிறகும் ஆட்டத்தை விட மனம் வரவில்லை. சொந்தமாக ஓர் அணி சேர்த்தார்கள். முதலில் யூத இளைஞர் சங்கம் ஒன்று ஆதரித்தது. பிறகு சௌத் பிலடெல்ஃபியா ஹீப்ரூ அசோசியேஷன் சட்டை வாங்கப் பணம் கொடுத்தது. கொஞ்ச காலத்தில் அந்த ஆதரவும் நின்றது. ஆனால் பெயரை மட்டும் இவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. மூவரும் சேர்ந்து விளையாட்டுச் சாமான் கடை ஒன்று வைத்தார்கள். இனி சட்டைக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம் பாருங்கள்.

அந்தச் சட்டைதான் விஷயம். மார்பில் சமெக், பே, ஹே, அலெஃப் என்று நான்கு ஹீப்ரூ எழுத்துகள். கூடவே தாவீதின் நட்சத்திரம். சில ஆண்டுகள் அணியின் பெயரே பிலடெல்ஃபியா ஹீப்ரூஸ் என்று வழங்கியது. புதிய நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள் பெயரைச் சுருக்கி, உச்சரிப்பை மாற்றி, யாரென்று தெரியாமல் கூட்டத்தில் கலந்துவிடப் பார்ப்பதுதான் வழக்கம். இந்தப் பையன்கள் நேர்மாறாக, தாங்கள் யார் என்பதை மார்பில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

சொந்த மைதானம்கூட இல்லாமல் அலைந்ததால் ஆரம்பத்தில் இவர்களுக்கு 'நாடோடி யூதர்கள்' என்று பட்டப்பெயர். பிலடெல்ஃபியா லீக், ஈஸ்டர்ன் லீக் என்று உள்ளூர்ப் போட்டிகளில் ஜெயித்தார்கள். 1926 வாக்கில், அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய அணிகளான ஒரிஜினல் செல்டிக்ஸையும், ஹார்லெமின் கறுப்பர் அணியான நியூயார்க் ரென்ஸையும் தொடர் போட்டிகளில் தோற்கடித்தபோதுதான் மற்ற ஊர்கள் திரும்பிப் பார்த்தன.

அரைத் தொழில்முறை அணி என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இத்தனை டாலர் என்று கணக்கு. அது வீட்டு வாடகைக்கு உதவும். குடும்பத்தை முழுக்கக் காப்பாற்றாது. ஆகவே பகலில் எல்லோருக்கும் வேறு வேலை. பலர் பள்ளி ஆசிரியர்கள். நியூயார்க்கின் சிட்டி காலேஜில் ஆடிவிட்டு 1934-ல் வந்து சேர்ந்த உயரமான சென்டர் மோ கோல்ட்மேனும் அப்படி ஆசிரியர் வேலை பார்த்தவர்தான். சனிக்கிழமை சொந்த மண்டபத்தில் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை புரூக்ளினிலோ வேறு ஊரிலோ ஆட்டம், திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வகுப்பில் ஆஜர். நடுவாரத்தில் கிடைக்கும் காட்சி ஆட்டங்கள் தனி. பயணம் காட்லீப்பின் பெரிய காரில். மொத்த அணியும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

நம் நாட்டில் ரயில்வேயும் வங்கிகளும் ராணுவமும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்துவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல என்று தோன்றலாம். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே வேலை கொடுத்த நிறுவனத்துக்காக ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்தாலும் பென்ஷன் வரை வேலை நிற்கும். அங்கே வேலைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. காலில் அடிபட்டால் இரண்டு வருமானமும் போய்விடும்.

ஆட்டமும் இன்றைய ஆட்டம் அல்ல. 15 நிமிஷம் வீதம் மூன்று பகுதிகள். 1937 வாக்கில் விதி மாறும்வரை, ஒவ்வொரு கூடை விழுந்ததும் நடுக் கோட்டுக்குத் திரும்பிப்போய்ப் பந்தை மேலே எறிந்து குதிக்க வேண்டும். முப்பது புள்ளி எடுத்தாலே வெற்றி நிச்சயம் என்ற காலம். சில மண்டபங்களில் மைதானத்தைச் சுற்றிக் கம்பி வலையோ கயிற்று வலையோ கட்டியிருக்கும். பந்து வெளியே போகாது. ஆட்டக்காரர் வலையில் மோதி ரத்தக் காயத்துடன் திரும்பி வருவார். வலையோரம் உட்கார்ந்த பெண்கள் தொப்பி ஊசியால் எதிரணிக்காரர்களின் காலில் குத்தியதாகவும், புரூக்ளினில் பால்கனியிலிருந்து பாட்டில்கள் பறந்ததாகவும் பழைய ஆட்டக்காரர்கள் கிழவர்களான பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அனுபவித்தபோது சிரித்திருக்க மாட்டார்கள். மார்பில் நட்சத்திரத்தைப் பார்த்தே வசைபாடிய ஊர்கள் பல. யூதர்களை யாராவது உதைப்பதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் டிக்கெட் வாங்குகிறது என்பது காட்லீப்புக்குத் தெரியும். டிக்கெட் வாங்கினால் சரி என்பது அவர் கணக்கு.

1933-ல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் மறுபிறவி எடுத்தபோது ஸ்ஃபாஸ் அதில் சேர்ந்தது. அடுத்த 13 பருவங்களில் ஏழு முறை சாம்பியன்: 1934, 1936, 1937, 1940, 1941, 1943, 1945. ஷைக்கி காட்ஹாஃபர், தூரத்திலிருந்து கூடை போடுவதில் கெட்டிக்காரரான சை காசெல்மன், இங்கி லாட்மன், கோல்ட்மேன் - பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு தனி ஆவர்த்தனம் செய்யாமல் கைக்குக் கை கடத்தி எதிரியைக் கிறங்கடிப்பது இவர்கள் பாணி. ஆறு ஆண்டுகள் ஸ்ஃபாஸுக்கு ஆடிய ஹாரி லிட்வாக் இதே பாடத்தைப் பிறகு டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருபது ஆண்டுக்கு மேல் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் காலத்தில் கூடைப்பந்தை 'யூதர் ஆட்டம்' என்றே சொல்வார்கள். நியூயார்க் டெய்லி நியூஸின் பிரபல விளையாட்டு ஆசிரியர் பால் காலிகோ இதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். சூழ்ச்சியும் தந்திரமும் ஏமாற்று வித்தையும் தேவைப்படும் ஆட்டம் இது, அதனால்தான் அவர்களுக்கு ஒத்துவருகிறது என்ற ரீதியில் எழுதினார். பாராட்டுகிற மாதிரி முதுகில் குத்துவது என்பது இதுதான். குட்டையாக இருப்பதால் சமநிலை நன்றாக வருகிறது என்று சொன்னவர்களும் உண்டு! கூடைப்பந்தில் குட்டை ஓர் அனுகூலம் என்று அன்று ஆணித்தரமாக எழுதினார்கள். ஒரு தலைமுறை கழித்து ஆட்டம் கறுப்பர்கள் கைக்குப் போனதும் விளக்கமும் மாறியது: பிறவியிலேயே குதிக்கத் தெரிந்தவர்கள், உடல்வாகு அப்படி. நெருக்கடியான நகரம், கையில் காசில்லாத குடும்பம், தெருமுனையில் ஒரு வளையம் என்ற காரணத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. அதில் விறுவிறுப்பு இல்லையோ என்னவோ.

சட்டை நட்சத்திரத்துக்கு வேறொரு அர்த்தமும் அந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. 1939 இறுதியில் ஜெர்மானியர் பிடித்த போலந்தில் யூதர்கள் அடையாள நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை வந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மனியிலேயே ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. அதே 1940-லும் 1941-லும் அதே நட்சத்திரத்தைத் தாமாகவே அணிந்துகொண்டு பிலடெல்ஃபியாவில் ஐந்து பேர் கோப்பை ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்களில் பலருக்குக் கடலுக்கு அப்பால் அத்தையோ மாமாவோ இருந்தார்கள், கடிதங்கள் நின்றுபோயிருந்தன. சனிக்கிழமை இரவுகளில் அந்த மண்டபத்தில் எழுந்த கூச்சலை வெறும் விளையாட்டு வெறி என்று ஒதுக்கிவிட முடியாது.

மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர் டேவ் ஜிங்காஃப். அவரும் அதே சமூகத்துப் பையன். கூட்டத்தைக் கலகலக்க வைப்பதில் மன்னர். அதிர்ஷ்ட எண் பரிசு, உள்ளூர்த் துணிக்கடைக்காரர் தரும் ஒரு சூட்டு என்று இடைவேளையை நிரப்புவார். ஆட்டத்தைத் தவிர மற்றதையும் சேர்த்து விற்க வேண்டும் என்பதை, இன்றைய கிரிக்கெட் வியாபாரிகள் கண்டுபிடித்ததற்கு ஏழெட்டுப் பத்தாண்டுகளுக்கு முன்பே காட்லீப்பும் ஜிங்காஃபும் செய்துகாட்டிவிட்டார்கள். இதற்காகவே காட்லீப்புக்கு 'மொகல்' என்று பட்டப்பெயர்.

உலகப் போர் முடிந்தது. 1946 ஜூனில் பெரிய அரங்கங்களின் முதலாளிகள் நியூயார்க்கில் கூடிப் புதிய லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். ஐஸ் ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் காலியாகக் கிடக்கிறதே என்ற கவலைதான் காரணம். பணம் இருந்தது, இடம் இருந்தது. கூடைப்பந்து தெரிந்த ஆள்தான் இல்லை. பிலடெல்ஃபியா அரங்கத்தார் நேராகக் காட்லீப்பிடம் வந்தார்கள். புதிய அணிக்கு வாரியர்ஸ் என்று பெயர். காட்லீப் பயிற்சியாளர். ஸ்ஃபாஸில் ஆடிய பீட்டி ரோசன்பர்க், ஜெரி ஃபிளைஷ்மன் போன்றவர்களைக் கூடவே அழைத்துப் போனார். ஜிங்காஃபும் மைக்கோடு போனார். முதல் பருவத்திலேயே, 1947-ல், வாரியர்ஸ் சிகாகோ ஸ்டாக்ஸைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றது. அந்த லீக்தான் 1949-ல் என்.பி.ஏ. என்று பெயர் மாறியது.

இன்னொரு ஸ்ஃபாஸ் ஆட்டக்காரர் இதைவிடப் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டார். போர்க்காலத்தில் பிலடெல்ஃபியாவுக்கு ஆடிய ஆஸி ஷெக்ட்மன் புதிய லீக்கில் சொந்த ஊரான நியூயார்க்கின் நிக்ஸ் அணியில் சேர்ந்தார். 1946 நவம்பர் 1, கனடாவின் டொரான்டோவில் லீக்கின் முதல் ஆட்டம். முதல் கூடை ஷெக்ட்மன் போட்டது. என்.பி.ஏ. வரலாற்றின் முதல் இரண்டு புள்ளிகள் அவை. அன்று யாரும் அதைக் குறித்து வைத்துக் கொண்டாடவில்லை. நிக்ஸ் 68-66 என்று ஜெயித்ததோடு சரி. பல பத்தாண்டுகள் கழித்து லீக் பெரிதான பிறகுதான் பழைய ஏட்டைப் புரட்டி அவரைக் கண்டுபிடித்தார்கள். 2013-ல் 94-வது வயதில் இறந்தார்.

இந்தப் புதிய பந்தியில் எல்லோருக்கும் இலை போடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1939-ல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் வென்ற நியூயார்க் ரென்ஸ், தகுதியில் யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் புதிய லீக்கில் அதற்கு இடம் தரப்படவில்லை. 1950-ல்தான் சக் கூப்பர், எர்ல் லாய்ட், ரென்ஸில் ஆடிய நாட் கிளிஃப்டன் ஆகிய கறுப்பர்கள் என்.பி.ஏ.வுக்குள் வந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே ரென்ஸ் கலைந்துவிட்டது. யூதப் பையன்களுக்குத் திறந்த கதவு அடுத்த தெருக்காரர்களுக்கு நான்கு ஆண்டுகள் மூடியே இருந்தது.

காட்லீப் 1952-ல் வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு வாரியர்ஸை 25,000 டாலருக்கு வாங்கினார். உள்ளூர் ஆட்டக்காரரை முன்னுரிமையில் எடுக்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, பிலடெல்ஃபியா பள்ளி மாணவனாக இருந்த காலத்திலிருந்தே வில்ட் சேம்பர்லெய்னுக்கு உரிமை கோரி வைத்தார். 1959-ல் அவரை அணிக்குக் கொண்டுவந்தார். 1962 மார்ச் 2-ம் தேதி ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் சேம்பர்லெய்ன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது மைக்கில் அறிவித்தவர் நம் ஜிங்காஃப்தான். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். அதே ஆண்டு 8,50,000 டாலருக்கு அணி கைமாறி சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனது. இன்றைய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அதுவே. காட்லீப் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. என்.பி.ஏ.வின் முழு ஆண்டு ஆட்ட அட்டவணையையும் கம்ப்யூட்டர் இல்லாமல், காகிதத் துண்டுகளில் பென்சிலால் எழுதியே 1970களின் பிற்பகுதிவரை தயாரித்துக் கொடுத்தார். 1979-ல் காலமானார். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் கோப்பைக்கு நெடுங்காலம் அவர் பெயர் இருந்தது. 2022-ல் அதைச் சேம்பர்லெய்ன் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஸ்ஃபாஸ் என்ன ஆயிற்று? பெரிய லீக் வந்ததும் பழைய லீக் சிறு லீக்காகச் சுருங்கியது. 1949 வரை அதில் ஒப்புக்கு ஆடினார்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அரசு உதவிப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். டாக்டர், வக்கீல், கணக்கர் ஆனார்கள். புறநகரில் தோட்டம் வைத்த வீடு வாங்கினார்கள். பிள்ளைகளுக்குத் தெருமுனை வளையம் தேவைப்படவில்லை. தெற்கு பிலடெல்ஃபியாவின் வரிசை வீடுகளுக்கு வேறு குடும்பங்கள் குடிவந்தன. சனிக்கிழமை இரவில் பழைய சமூகம் கூடுவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. பிராட்வுட் ஹோட்டல் கட்டடமும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. அணி தோற்று அழிந்திருந்தால் புலம்பலாம். அதன் ஜனங்கள் ஜெயித்ததால் அழிந்த அணி இது.

எஞ்சியிருந்ததை வாங்கியவர் ரெட் கிளாட்ஸ். ஐந்தடி ஏழு அங்குல உயரம். ஸ்ஃபாஸில் ஆடியவர், 1948-ல் கோப்பை வென்ற பால்டிமோர் புல்லட்ஸ் அணியிலும் இருந்தவர். காட்லீப்பின் நண்பர் ஏப் சேப்பர்ஸ்டைன் நடத்திய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணிக்கு ஊர் ஊராகக் கூடவே வந்து ஆட ஓர் எதிரணி தேவைப்பட்டது. 1952-ல் கிளாட்ஸ் அதற்காக வாஷிங்டன் ஜெனரல்ஸ் என்ற அணியை அமைத்தார். வேலை என்னவென்றால், தோற்பது. குளோப்டிராட்டர்ஸ் வித்தை காட்டுவார்கள், ஜெனரல்ஸ் அசடு வழிவார்கள், உலகம் சிரிக்கும். ஏழு முறை சாம்பியனான அணியின் வாரிசு ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றது. ஆனால் கிளாட்ஸ் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். வித்தை நேரம் போக மீதி நேரத்தில் தன் ஆட்கள் நிஜமாகவே ஆட வேண்டும் என்பார்.

1971 ஜனவரி 5. டென்னஸி மாநிலத்தில் மார்ட்டின் என்ற சின்ன ஊர். அன்று நியூஜெர்சி ரெட்ஸ் என்ற பெயரில் கிளாட்ஸின் அணி ஆடியது. குளோப்டிராட்டர்ஸ் வேடிக்கையில் மூழ்கி ஸ்கோரைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். கடைசி விநாடிகளில், ஐம்பது வயதான கிளாட்ஸ் தூரத்திலிருந்து, ஸ்ஃபாஸ் நாட்களில் பழகிய பாணியில், இரண்டு கையாலும் பந்தை எறிந்தார். விழுந்தது. 100-99. மண்டபத்தில் சத்தமே இல்லை. சில குழந்தைகள் அழ ஆரம்பித்தன. உடைமாற்றும் அறையில் ஷாம்பேனுக்கு ஏற்பாடு இல்லாததால், தோற்றே பழகியவர்கள் கிளாட்ஸின் தலையில் ஆரஞ்சு சோடாவைக் கொட்டிக் கொண்டாடினார்கள்.